நெஞ்சில் நின்ற ஜிப்

கழுத்திலிருந்து இறங்கிய ஜிப், நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

"விளையாடாதே," என்றான் கணவன்.

"விளையாட்டு முடிஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. நிஜமாவே மாட்டிக்கிச்சு," என்றாள் மனைவி.

கணுக்கால்வரை இறுகப் பிடிக்கும் கறுப்புத் தோல் பை அது. அவன் கைகள் இரண்டும் உள்ளே, விலாவோடு தைத்த உறைகளில். தலை மட்டும் வெளியே.

போனில் நாளெல்லாம் ஊரார் புகாரைக் கேட்கும் வேலை அவனுக்கு. இதற்குள் கிடந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பான். அவள் பல் ஆஸ்பத்திரி நர்ஸ். அங்கே வாயைத் திறந்த எவரும் அவளை நம்பியதில்லை. இவன் நம்பினான். பேச்சு வற்றிப்போன அந்த வீட்டில், ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு மணி நேரம்தான் இருவரும் சிரித்தார்கள்.

இன்று சிரிப்பு வரவில்லை. பதினோரு மணிக்கு அவனை வளர்த்த அக்கா வருகிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கணவர் இறந்து ஆறு மாதம் கழித்து, இன்றுதான் வாசற்படி தாண்டுகிறாள்.

மனைவி சோப்பைத் தேய்த்தாள். பையின் உள்துணி நனைந்து ஜிப்பை இன்னும் இறுகக் கவ்விக்கொண்டது. குறடால் இழுத்தாள். ஜிப்பின் பிடி கையோடு வந்துவிட்டது.

"கத்தரிக்கோல் எடுக்கவா?"

"வேண்டாம்டி. நீ அளவெடுத்துத் தைக்கக் கொடுத்தது."

"அப்ப அண்ணிகிட்ட என்ன சொல்றது?"

"காய்ச்சல்னு சொல்லு. போர்வையால மூடிடு."

கட்டிலை நோக்கித் தத்தியவன், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தடாலென்று விழுந்து செருகிக்கொண்டான். அழைப்புமணி அடித்தது.

"வாங்க அண்ணி... அவருக்குக் காய்ச்சல்..."

"காய்ச்சல்காரன் விழுற சத்தமா இது? மாடிப்படிவரைக்கும் கேட்குது!"

தடுப்பதற்குள் அக்கா அறைக்குள் போய்விட்டாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். ஜன்னலில் மழை வழிந்தது.

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். முழங்கால் வலிக்க மண்டியிட்டு, கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, கவ்வியிருந்த துணியை மெல்ல நெம்பினாள். ஜிப் சர்ரென்று கால்வரை ஓடியது.

மனைவி கைகூப்பினாள். "அண்ணி, தயவுசெஞ்சு யார்கிட்டயும்..."

அக்கா அந்தத் தோலை இரண்டு முறை தடவிக்கொடுத்தாள்.

"அவர் போனதிலேருந்து எனக்கு இப்படி ஜிப் போட்டுவிட ஆளில்லம்மா."