டீகாபி அண்ணன் வாங்கிய வண்டி

டீயா, காபியா என்று கேட்டால் நாமெல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம். முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் வாங்கி ஒரே டம்ளரில் ஊற்றிக் குடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கு அவர் டீகாபி அண்ணன்.

நாமக்கல் பக்கத்துக்காரர். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்தவர், தம்மம்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு பாக்குத்தோப்பு வாங்கினார். தோப்புக்குப் போகும் பாதையில் பாதி ஓடை, மீதி பாறை. அவருடைய சின்னக் கார் ஒரே ஒரு தடவை போனது. அடிப்பக்கம் கிழிந்து, லாரியில் ஏறித்தான் வீடு திரும்பியது.

அன்றைக்கே அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, உத்தரவு போட்டுவிட்டார். "ஏனுங்க, கல்லுமேடு ஏறுற பெரிய வண்டியா ஒண்ணு வாங்குங்க. வண்டிக்குப் பூசை போடுற அன்னிக்கு முனியப்பனுக்குக் கெடா வெட்டறேன்னு வேண்டியிருக்கறேன்."

சொன்ன கையோடு ஒரு கிடாக்குட்டியும் வாங்கிக் கட்டினார். வண்டிதான் வரவில்லை.

காரணம், அண்ணனுக்குப் பிடித்த வண்டிகள் இரண்டு. இரண்டும் பெட்டி மாதிரி சதுரம். இரண்டுக்கும் நாலு சக்கரத்திலும் இழுவை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். டீக்கடையிலேயே தத்தளிக்கிறவர் முன்னால் இவற்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் மனிதர் என்ன ஆவார்?

மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். துணைக்கு நான். இன்று பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஒன்றில், நாளை ஏற்காடு மலைச்சாலையில் மற்றொன்றில். எங்கள் தலையைக் கண்டாலே ஷோரூமில் சாவியை ஒளித்து வைத்தார்கள். ஒரு விற்பனையாளர் மட்டும் பொறுமைசாலி. "இடுப்பளவு தண்ணியில எறக்குனாலும் உள்ள ஒரு சொட்டு வராது சார்" என்று பெருமையாகச் சொன்னார்.

"அது கெடக்குதுங்க தம்பி. உள்ளயே தண்ணி கொட்டுனா வெளிய போவுமா?"

அந்தப் பிள்ளை பேந்தப் பேந்த விழித்தது. இன்னொரு நாள் கிடாவையே கூட்டிப்போய்ப் பின்பக்கம் ஏற்றி நிற்கவைத்துப் பார்த்தார். ஏன் அண்ணா என்றேன். "மூட்டை முடிச்சு நிக்குமான்னு பாக்கோணுமல்ல சாமி?" என்றார்.

இதற்குள் கிடா நன்றாகக் கொழுத்துவிட்டது. ராசு என்று பெயரும் வைத்துவிட்டார். தினமும் காலையில் வண்டி கழுவும் பைப்பை ராசு மேல் பீய்ச்சி அடிப்பார். அது உடம்பைச் சிலுப்பினால், "டேய்!" என்று ஓர் அதட்டல். சிலுப்பாமல் நின்றால் வாழைப்பழம். வாசலிலேயே கிடாவுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாரே என்று தெருவே சிரித்தது. நானும்தான். அக்கா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ராசுவுக்கு முருங்கைத் தழை ஒடித்துப் போடுவது அக்காதான்.

ஒரு நாள் திடீரென்று அண்ணன் வந்து நின்றார். "சாமி, முடிவு பண்ணிட்டேன். அந்த ரெண்டாவது வண்டியில தண்ணி போறதுக்கு அடியில தொளை இருக்குது. அதையே எடுத்துக்கலாம்."

இவ்வளவு காலம் ஆராய்ந்தது ஒரு துளைக்காகவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முனியப்பன் கோயிலில் வண்டிக்கு மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. அடுத்தது ராசு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் கத்தி இறங்காது.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். ராசு அசையவில்லை. இன்னொரு சொம்பு. ராசு மாலையை மென்றது. குடத்தோடு கவிழ்த்தார். ராசு வாழைப்பழத்துக்காக அண்ணனைப் பார்த்தது. அண்ணன் கோபுரத்தைப் பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடமும் துளையும் எதற்கென்று எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"சாமி உத்தரவு இல்லைங்கம்மா. பொங்க வெச்சுட்டு, இத ஊட்டுக்குக் கூட்டிப்போயி வளத்துங்க" என்றார் பூசாரி.

திரும்பும்போது முன்னால் அண்ணனும் அக்காவும், பின்னால் ராசுவும் நானும். கோயில் மறைந்து கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. ராசு கொம்பிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள்! புது வண்டியின் கூரை, கண்ணாடி, என் சட்டை, அக்காவின் முதுகு எல்லாம் மஞ்சள் தண்ணீர்.

அண்ணன் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தார். அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. முந்தானையால் கழுத்தை மெதுவாகத் துடைத்தார். வெளியே தார் உருகுகிற வெயில்.

"கண்ணாடிய ஏத்துங்க. சாரலடிக்குது."

அண்ணன் ஏற்றினார். அவர் கண்ணும் கொஞ்சம் நனைந்திருந்தது.

சாயங்காலம் டீக்கடைக்குப் போய் முதல்முறையாக நானும் டீயையும் காபியையும் ஒரே டம்ளரில் ஊற்றினேன். கண்றாவியாக இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.