தீவில் காணாமல் போன மூக்குக்கண்ணாடி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், என்னைத் திட்டும் அளவுக்கு நீ தெம்பாக இருக்கிறாய் என்றும் நம்புகிறேன். எனக்கு உடம்பு நலம், மானத்துக்குத்தான் அடி.

நம் அத்தை மகன், நாம் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தவன், தனித் தீவு வாங்கிக் குடியிருக்கிறான் அல்லவா? ஒரு வீடு, ஒரு கிணறு, வியாழக்கிழமை மட்டும் வரும் படகு, இருபது வருடமாக இருக்கும் சமையல்காரர், இவ்வளவுதான் அவன் ராஜ்ஜியம். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஒரு வாரம் வந்து இரு என்று எழுதினான், வந்தேன். பகலில் 'வா' என்றான், இரவில் 'படு' என்றான், இடையில் ஒரு சொல் கிடையாது. மறுநாள் விடிந்ததும்தான் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசையில் எப்போதும் இருக்கும் அவன் மனைவியின் மூக்குக்கண்ணாடியைக் காணோமாம். வீட்டில் மூன்று பேர். அவன் எடுக்கவில்லை, நான் விருந்தாளி, மிச்சம் சமையல்காரர். அடுத்த படகு வருவதற்குள் கண்ணாடி வராவிட்டால் அதே படகில் நீங்கள் போய்விடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டான். அறுபது வயதில் அந்த மனிதர் எங்கே போவார்? அவரோ மறுபேச்சில்லாமல் வெங்காயம் நறுக்கப் போனார். அதுவே எனக்குச் சந்தேகமாகப் பட்டது.

துப்பறியும் கதை என்றால் நமக்கு எப்படிப்பட்ட பைத்தியம், அக்கா! அப்பா எடைக்கு வாங்கி வரும் பழைய புத்தகங்களில் கடைசிப் பக்கம் கிழிந்தே இருக்கும். நீ மாடிப்படியில் உட்கார்ந்து முடிவை நீயே சொல்வாய். எல்லாக் கதையிலும் சமையல்காரர்தான் கொலைகாரர், ஏனென்றால் அவரிடம்தான் கத்தி இருக்கிறது. ஊமைக்கோட்டான் கேட்டுக்கொண்டே நம் பங்குக் கடலையையும் தின்று தீர்ப்பான். அந்தப் படிப்பை நம்பித்தான் அரிசி டப்பா வரை கையை விட்டுத் துழாவினேன். ஊமைக்கோட்டானும் கூடவே வந்தான். கிணற்றடியில் குனிந்தால், அவள் இங்கேதான் வழுக்கி விழுந்து என்னைத் திட்டினாள் என்றான். கரையில் தேடினால், நீந்தக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் குடித்த உப்புத்தண்ணீரைப் பற்றி அரைமணி பேசினான். தீவை நான்கு முறை சுற்றிவிட்டோம்.

புதன்கிழமை எல்லோரையும், அதாவது இரண்டு பேரை, கூடத்தில் உட்கார வைத்து நான் முழங்கிக்கொண்டிருந்தபோது சமையல்காரர் மெதுவாக, "உங்க ரூமை மட்டும் பாக்கல. முறைக்கு அதையும் பாத்துடலாமே" என்றார். போனோம். அலமாரியின் மேல்தட்டில் இருந்தது கண்ணாடி, நூலில் கட்டிய சீட்டோடு. கையெழுத்து என்னுடையது! முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் வேலை பார்த்தவன் நான். ஆளில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் கை தானாகச் சீட்டுக் கட்டிவிடுகிறது, எனக்குத் துளி நினைவில்லை. 'மூக்குக்கண்ணாடி ஒன்று. உரியவர் நேரில் வந்து கேட்டால் கொடுக்கவும்.'

ஊமைக்கோட்டான் அதை இரண்டு முறை படித்தான். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"வந்து கேட்டா நல்லாத்தான்டா இருக்கும்" என்றான்.

அப்புறம் அழுதான், நானும் அழுதேன். சமையல்காரரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். ஆக, ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்த முட்டாள் நான்தான். நாளைப் படகில் கிளம்புகிறேன். இனி துப்பறியும் பேச்சே எடுக்க மாட்டேன், இது சத்தியம். அத்தானுக்கு வணக்கம் சொல்லு, பேத்திக்கு முத்தம் கொடு.

உன் தம்பி

பி.கு.: வியாழன் காலை, படகுத்துறை. பெட்டியைத் தூக்கி வந்த சமையல்காரர், நான் சீட்டுக் கட்டியதை அன்றைக்கே பார்த்துவிட்டதாகச் சொல்கிறார். வேலை போகவிருந்ததே, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "மூணு வருஷமா அய்யா அம்மா பேச்சையே எடுத்ததில்ல. தேட ஆரம்பிச்சப்புறம்தான் பேசுனாரு. வியாழக்கிழமைக்கு நாள் இருந்துச்சு, நடுவுல எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, காலையிலிருந்து அய்யாவின் கைத்தடியைக் காணவில்லை என்றார். கடிதத்தை மட்டும் படகில் அனுப்புகிறேன். நான் வர ஒரு வாரம் ஆகும்.