லிந்துலை யுத்தமும் ஊதா மருந்தும்

லிந்துலை
17-9-57

மதிப்புக்குரிய கஸ்பர் மச்சான் அவர்களுக்கு, தோட்டத்து மருந்தய்யா டக்ளஸ் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை மார்கிரட்டும் மகள் தெரேசாவும் நல்ல சுகம். இந்த 'நல்ல சுகம்' என்பதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஏதோ தொற்றுநோய் என்று இந்நேரம் தலவாக்கலை முழுக்கப் பரவியிருக்கும். உங்கள் பூண்டுலோயாவுக்கும் வந்திருந்தால் நம்ப வேண்டாம்.

போன வருஷம் சீமைக்குத் திரும்பிய எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை, தன்னுடைய ஈயச் சிப்பாய்கள் நூற்றிருபதையும் விதிப் புத்தகத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேசை மேல் மலை, ஆறு, பாலம் எல்லாம் செய்து, இரண்டு படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போடுவது. இது சிறுபிள்ளை விளையாட்டு அல்ல என்று உங்கள் தங்கைக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் சோலைமலையும் லொறி டிரைவர் ஆண்டியப்பனும் நானுமாக ஒரு சங்கம் வைத்தோம். சோலைமலை தலைவர், நான் செயலாளர், ஆண்டியப்பன் பொதுமக்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஊரார் பார்க்க ஒரு காட்சி நடத்துவதென்று முடிவு செய்தோம். நீங்கள் பேசி முடித்த தலவாக்கலை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதும் அன்றைக்குத்தான். ஆனால் நாலு மணிக்கு. பன்னிரண்டுக்கு யுத்தம் முடிந்துவிடும், நாலுக்கு நான் கோட்டுப் போட்டு வாசலில் நிற்பேன் என்று நினைத்தேன்.

பெயின்ட் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு படைக்குக் காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்தையும், மறு படைக்கு வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தையும் தெரேசா பூசினாள். மீசைகூட வரைந்தாள். விளம்பரம் எழுதியது ஆண்டியப்பன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில், "ஞாயிறு பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மாபெரும் யுத்தம். இரு தரப்பாரும் தயார். அனைவரும் வருக" என்று ஒட்டிவிட்டார்.

"ஏன்யா, விளையாட்டுன்னு ஒரு வார்த்தை போடக்கூடாதா?" என்றேன்.

"அதப் போட்டா யாருங்க வருவாங்க, மருந்தய்யா?"

வந்தார்கள் மச்சான். மேல் லயத்து வரிசை வீட்டார் ஒரு பக்கம், கீழ் லயத்தார் ஒரு பக்கம், பாதிப் பேர் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. இரண்டு லயத்துக்கும் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் தகராறு அன்றைக்குத்தான் தீரப்போகிறது என்று நினைத்து வந்திருக்கிறார்கள். பின்னாலேயே ஜீப்பில் ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு பொலிஸ்காரர்களும். "கோ மாத்தயா ரண்டுவ?" என்று, சண்டை எங்கே என்று கேட்டார் சார்ஜன்ட். மேசையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அரசாங்கப் படை எது என்று கேட்டு, சிவப்புப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். மேல் லயம் அவருக்குப் பின்னால், கீழ் லயம் ஊதாப் பக்கம் சோலைமலைக்குப் பின்னால். கத்தியெல்லாம் மூலையில் கிடந்தது. இப்படி ஒரு காட்சி நுவரெலியாவிலும் நடந்திருக்காது.

அப்போது மழை பிடித்தது. தகரக் கூரை ஒழுகி நேரே யுத்தகளத்தில் விழ, சிவப்பும் ஊதாவும் கரைந்து இரண்டு படையும் ஒரே நிறமாகிவிட்டது. சார்ஜன்ட் தன் ஆட்களையே பீரங்கியால் அடித்துவிட்டு என்னை முறைக்கிறார். கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா சிப்பாய்களைத் துடைக்கிறேன் என்று கிளம்ப, எல்லாரும் துடைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஊதா படாத கையோ முகமோ அங்கே இல்லை. திரும்ப நிறம் பூச எடுத்த தூரிகையைப் பல்லில் கடித்திருந்ததால் எனக்கு வாயும் ஊதா.

மழைக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். "அவரு சண்டைக்குப் போயிருக்காருங்க" என்றிருக்கிறாள் மார்கிரட். அவர்கள் தேடி வந்தால் வாசலில் பொலிஸ் ஜீப், மூலையில் கத்திக் குவியல், விழுந்த சிப்பாய்களோடு மேசைக்கடியிலிருந்து நான்.

மாப்பிள்ளையின் தாயார் என் வாயையே பார்த்தார். "இது வாய்ப்புண்ணு மருந்துதானே?"

"ஆமாங்கம்மா."

"எல்லாருக்குமா?"

அவசரத்தில், "சங்கத்துல எல்லாருக்குந்தாம்மா" என்றேன்.

"பொண்ணுக்கு?"

பக்கத்தில் சிப்பாய் துடைத்துக்கொண்டிருந்த தெரேசா இரண்டு கைகளையும் பெருமையாக விரித்துக் காட்டி, "நான்தாங்க எல்லாருக்கும் பூசுனேன்" என்றாள்.

அந்த அம்மாள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். மாப்பிள்ளை அருளப்பன் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் போனார்.

மச்சான், மார்கிரட் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. அதுகூடத் தாங்கலாம். தெரேசா, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. நேற்றே சங்கத்தைக் கலைத்துவிட்டேன். சோலைமலை குழந்தை மாதிரி அழுதார். மேசையைக் கழற்றியாயிற்று, சிப்பாய்கள் சாக்கில். இனிப் பகடையைக் கையால் தொடமாட்டேன். நீங்கள் உடனே தலவாக்கலைக்குப் போய், எங்களுக்கு நோயில்லை, புத்திதான் இல்லை என்று சொல்லுங்கள். வைத்தியச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. எழுதியது நான்தான், இங்கே வேறு மருந்தய்யா இல்லை.

தேவமாதா உங்கள் வீட்டாரைக் காக்க வேண்டும், எங்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று செபிக்கும்,
டக்ளஸ்.

பி.கு.: தலவாக்கலைக்குப் போகாதீர்கள்! கடிதத்தை ஒட்டப் போகும்போது அருளப்பன் தனியாக வந்து நிற்கிறார், கையில் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே பிரெஞ்சுக் குதிரைப்படை, நாற்பது பேர். ஆறு வருஷமாகத் தாயாருக்குத் தெரியாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாராம். கோயில் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தெரேசாவையும் கேட்டார், சங்கத்தில் சேரவும் கேட்டார். எதை முதலில் கேட்டார் என்பது நான் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை. இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். தெரேசா கழற்றிய மேசையை மறுபடி பூட்டுகிறாள். மார்கிரட் ஆணி எடுத்துக் கொடுக்கிறாள்.