டிரம்முக்குள் விழுந்த நிலா

வேலூர் முதல் ஆம்பூர் வரை ‘செலக்‌ஷன்’ குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது அவர் வேலை; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். தோலைக் கட்டைவிரலால் தடவுவார், குறை உள்ள இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார், ‘செகண்ட்’, அதாவது இரண்டாம் தரம் என்பார். சத்துவாச்சாரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இட்லியையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பார். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "ஜோடி செகண்ட்ல போலாம்" என்று பெரிய மனதோடு சொன்னவர்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மனுஷனுக்கு வானத்தையும் தரம் பார்க்கும் ஆசை வந்தது. சொந்தமாகத் தொலைநோக்கி செய்தார். அதை வைத்துப் படம் எடுக்கக் கொல்லையில் வட்டமாக ஓர் அறை கட்டினார். கூரை சுழல வேண்டுமே? தோல் ஊறப்போடும் பழைய மர டிரம்மைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியில் ஜன்னல் வெட்டி, உருளைகள் மேல் கவிழ்த்துவிட்டார். தள்ளினால் ஜோராகச் சுற்றியது. கூடவே நாற்றமும் சுற்றியது. தெரு நாய்கள் அத்தனையும் மதிலடியில் குடியேறின.

அவர் மனைவி ரோஸி அக்கா, நர்ஸ். அந்த இடத்தில் பெரிய சமையலறை கட்டித் தருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் மனுஷன்!

"இன்னாங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் டைம். ஹால்ல மாட்ற மாதிரி ஒரே ஒரு நிலா போட்டோ காட்டுங்க. இல்லேன்னா உங்க டிரம்முதான் பிரியாணிக்கு விறகு."

முதல் ஃபிலிம் ரோலில் நிலா மோரில் விழுந்த வடை மாதிரி இருந்தது. காரணம் புரியாமல் ஒரு வாரம் பேஜாரானார். நான்தான் தொலைநோக்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் பதினாலு சாக்பீஸ் வட்டம்!

"இன்னாண்ணா இது?"

"கீறல் இருந்துச்சுப்பா. குறையைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

கழுவித் துடைத்து இரண்டாவது ரோல் எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸ்டுடியோவுக்குப் போனால், "எல்லாம் காலியா கீது சார், பிரிண்ட் போடல" என்று நெகட்டிவை நீட்டினார் ஸ்டுடியோக்காரர். ஊர் சரக்கையெல்லாம் தள்ளியவர், தன் சரக்கைத் தள்ளியதும் பொங்கிவிட்டார்.

"பிரிச்சுப் பார்க்காமயே ரிஜெக்ட்டா? எங்க தோல் ஷாப்புல இப்படிப் பண்ணா வெளிய அனுப்பிடுவாங்க. போடுப்பா பிரிண்ட்டு!"

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். சாயங்காலம் முப்பத்தாறு படம் வந்தது. முப்பத்தைந்து கறுப்பு. ஒன்றில் அரை நிலா! பள்ளங்களை விரல்விட்டு எண்ணலாம்.

தெருவே அவர் வீட்டு ஹாலில் கூடிவிட்டது. செலக்‌ஷன் படத்தை விளக்கடியில் பிடித்தார். கட்டைவிரலால் தடவினார். பழக்கதோஷம், பையிலிருந்து சாக்பீஸ் வெளியே வந்தது.

"வட்டம் போட்டீங்க, அவ்ளோதான்!" என்று ரோஸி அக்கா கத்தினார்.

"அம்மைத் தழும்பு ஜாஸ்திதான்" என்றார் அவர். சாக்பீஸைத் திரும்பப் பைக்குள் போட்டார். "ஆனா, ஃபர்ஸ்ட்!"

நாங்கள் தட்டிய கைதட்டலில் நாய்கள் ஓட்டம் பிடித்தன. "இருபது வருஷம் என் குழம்பை செகண்ட்ல போட்ட மனுஷன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்காதான் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். மறுநாள் அதே குட்டிச் சமையலறையில் பிரியாணி வெந்தது. டிரம் பிழைத்தது.

இந்தப் பக்கத்தை அவருக்கு அனுப்பப்போகிறேன். நாலு இடத்தில் வட்டம் போட்டு, செகண்ட் என்றுதான் சொல்வார். சொல்லட்டும். அந்தக் கட்டைவிரல் என் எழுத்தை ஒரு தடவை தடவினால் எனக்குப் போதும்.