நூற்றைம்பது உயரத்தில் ஒரு குடில்

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவர்கள் சொந்தமாக ஒரே ஒரு தப்புச் செய்தால் போதும், ஊருக்கே கொண்டாட்டம். நான் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவள். முதல் பாடமே அளவீட்டியல். "ஐந்து என்று எழுதினால் என்ன அர்த்தம்? ஐந்து மீட்டரா, ஐந்து கிலோவா, ஐந்து தோசையா?" என்று முதல் நாளே மேஜையைத் தட்டிக் கேட்பேன். அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். அழுதாலும் திரும்பக் கிடைக்காது (பெற்றோர் வந்து அழுதாலும்).

அப்படிப்பட்ட நான் கல்யாணமாகித் துடியலூருக்கு வந்த பிறகு கொண்டாடிய முதல் கிறிஸ்துமஸின் கதை இது.

எங்கள் பங்கில் (கோவில் வட்டாரத்தை அப்படித்தான் சொல்வோம்) தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியங்கள் என்று பிரித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒவ்வொரு அன்பியமும் கோவில் வளாகத்தில் இயேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தைக் காட்டும் ஒரு குடில் வைக்க வேண்டும். போட்டியும் உண்டு. எங்கள் அன்பியத்துக்கு என் மாமியார்தான் பொறுப்பாளர். அவர் பொறுப்பேற்றதிலிருந்து ஒரு பரிசுகூட வந்ததில்லை. நான் வருவதற்கு முந்தைய வருடம் நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இயேசுவின் வளர்ப்பு அப்பாவான சூசையப்பர் சிலையின் தலை கழன்று விழுந்ததாம். இந்த முறையும் தோற்றால் பொறுப்பை வேறு யாராவது பார்க்கட்டும் என்று கூட்டத்தில் சிலர் முணுமுணுக்க, மாமியார் எழுந்து நின்றார்.

"இந்த வருசம் எல்லாத்தையும் என்ற மருமவ பாத்துக்குவாளுங்க. பிசிக்ஸ் டீச்சர். அளவெல்லாம் அச்சுப் பெசகாம இருக்கும், பாருங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்த ஆறு மாதத்தில் வீட்டில் என்னை நம்பி ஒரு ரசம்கூட வைக்க விட்டதில்லை. இப்போது அவருடைய மானமே என் கையில்.

விட்டேனா? எங்கள் அன்பியத்துச் சொரூபங்கள் இரண்டடி உயரம். அதற்குக் குடில் எவ்வளவு உயரம் இருந்தால் பொருத்தம், நடுவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார், அவர் பார்வைக் கோணம் என்ன என்றெல்லாம் கணக்குப் போட்டேன். ஒரு முழு சார்ட் அட்டையில் முன்தோற்றம், பக்கத்தோற்றம், அம்புக்குறிகள். உயரம் 150, அகலம் 180, ஆழம் 120. சென்டிமீட்டர் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்ன, படித்தவர்களுக்கு அதெல்லாம் தெரியாதா! படமெடுத்து உக்கடத்தில் இருக்கும் தச்சர் ஆறுமுகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தார்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம். வீட்டில் சொரூபங்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தேன். கோவிலிலிருந்து என் கணவர் ஜெரால்டு போன் செய்தார்.

"குடில் வந்துருச்சு. நீ கொஞ்சம் வந்து பாரேன்."

"ஏன், ஒடஞ்சிருக்கா?"

"இல்ல இல்ல. இருக்குது. நெறையாவே இருக்குது."

போய்ப் பார்த்தேன். எங்களுக்கு ஒதுக்கிய மூலையைத் தாண்டி, பக்கத்திலிருந்த சைக்கிள் ஸ்டாண்டையும் விழுங்கிவிட்டு, ஓலைக்கூரையோடு ஒரு வீடு நின்றது. ஆறுமுகம் கூரையிலிருந்து இறங்கி வந்து பெருமையாகத் துண்டை உதறினார்.

"ஏனுங் டீச்சர், படத்துல போட்டபடியே செஞ்சுபோட்டேனுங்க. ஒரு இஞ்சு கொறையாதுங்க!"

இஞ்சு. நூற்றைம்பது இஞ்சு என்றால் பன்னிரண்டரை அடி. ஒரு இஞ்சுக்கு இரண்டு புள்ளி ஐந்து நான்கு சென்டிமீட்டர் என்று எத்தனை பிள்ளைகளை நூறு தடவை எழுத வைத்திருப்பேன்!

உள்ளே சொரூபங்களை வைத்துப் பார்த்தோம். கல்யாண மண்டபத்தில் தொலைந்துபோன குழந்தைகளைப் போல மாதாவும் சூசையப்பரும் நின்றார்கள். குழந்தை இயேசுவைக் குனிந்து தேட வேண்டியிருந்தது. பாடற்குழுவோடு ஒத்திகைக்கு வந்திருந்த என் வகுப்பு மாணவி ஜெனிஃபர் சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "மிஸ், யூனிட்டே போடலீங்களா? அப்ப அரை மார்க்குங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

ஆறு மணிக்கு நடுவர்கள் வந்துவிடுவார்கள். அறுத்துச் சின்னதாக்க நேரமில்லை. மாமியார் வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தப்பு என்னுதுதானுங்க அத்தை. போட்டியிலிருந்து பேர எடுத்துரலாங்களா?" என்றேன்.

அவர் குடிலுக்குள் போனார். கூரையை அண்ணாந்து பார்த்தார். இரண்டு கையையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"நம்மூட்டு ஹாலவிடப் பெருசா இருக்குது கண்ணு! பொம்ம பத்தலீன்னா ஆளுக நின்னுக்கலாம். நம்ம அன்பியத்துல ஆளுக்கா பஞ்சம்?"

அடுத்த இரண்டு மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. என் நாத்தனார் ஸ்டெல்லாதான் மாதா. அவளுடைய எட்டு மாதப் பெண் குழந்தை இவாஞ்சலின்தான் குழந்தை இயேசு (அந்த வயதில் கைவசம் வேறு குழந்தை இல்லை). மாமனார் சூசையப்பர். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்றார். கழற்றினால் மாதா எங்கே என்றே தெரியாதாம். ஜெரால்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் போர்வையும் பஞ்சுத்தாடியுமாக, இயேசுவைக் காண வந்த மூன்று ஞானிகள் ஆனார்கள். தெர்மாகோல் இறக்கையைக் கட்டிக்கொண்டு மாமியாரே வானதூதராக ஸ்டூலில் ஏறிவிட்டார். எங்கிருந்தோ ஓர் ஆடும் வந்தது.

"அத்தை, நானு?"

"நீ கழுதை, கண்ணு."

அதை அவர் எவ்வளவு பாசமாகச் சொன்னார் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. சாம்பல் நிறப் போர்வை ஒன்று என்மேல் விழுந்தது. கழுதைக்குக் காது வேண்டுமே? என் சார்ட்டைத்தான் கிழித்து மடித்தார்கள்.

ஆறு மணிக்கு வெளியூர்ப் பங்கிலிருந்து மூன்று சாமியார்கள், அதாவது ஃபாதர்கள், நடுவர்களாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிப் பங்கும் வந்தது. அதில் கால்வாசி என் மாணவர்கள். எல்லோரும் அசையாமல் நின்றோம். இயேசு மட்டும் நிற்கவில்லை. ஜெரால்டின் தாடியைப் பிடித்து இழுத்து ஒரு வாய் தின்று பார்த்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, துப்பிவிட்டு, தீவனத் தொட்டியிலிருந்து நழுவி, வைக்கோலில் தவழ்ந்து நேராக என்னிடம் வந்தாள். கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டே என் காதைப் பிய்த்தாள். பிய்த்த காதை ஆடு வாங்கித் தின்றது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மூத்த சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கழுதை யாருங்க?" என்றார்.

வானதூதர் ஸ்டூலிலிருந்து கத்தினார். "என்ற மருமவதானுங்க ஃபாதர்! பிசிக்ஸ் டீச்சர்! இந்தக் குடிலே அவ போட்ட அளவுதானுங்க!"

முதல் பரிசு எங்களுக்குத்தான். ஓர் எவர்சில்வர் அண்டா. அதை வாங்க மாமியார் இறக்கையோடு மேடைக்குப் போனார். தனியாகப் போகவில்லை, ஒற்றைக் காதோடு இருந்த என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கல்யாண மேடையில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக நின்றதில்லை. பொறுப்பை யார் பார்ப்பது என்ற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. வருடா வருடம் ஆட்கள் நிற்கும் குடில்தான் எங்களுடையது. இயேசு மட்டும் மாறிக்கொண்டிருக்கிறார்.

முதல் இயேசு இந்த ஜூனில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். வகுப்பாசிரியை அவளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்து, உன்னைப் பற்றிச் சொல்லு என்றார்.

"நான் இயேசுவா இருந்தேனுங்க மிஸ். எங்கம்மா மாதா. எங்க தாத்தா சூசையப்பர்."

"அடேயப்பா! அப்ப வாசல்ல நிக்கிறாங்களே, அவங்க யாரு?"

இவாஞ்சலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலில் அத்தனை பெருமை.

"அது எங்க அத்தை, கழுதை. இந்த ஸ்கூல்லதான் பிசிக்ஸ் எடுக்குது."