மீன் வாசனைக்கு வந்தவள்

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர் இதை வெளியே சொல்லக்கூடாதுதான். ஆனால் அரியலூர் ஸ்டேஷனில் என் மானம் போன பிறகு மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது?

என் அண்ணி கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முழுகாமல் இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. குரும்பலூரில் படுத்துக்கொண்டு கடல் மீன் வறுவல் வேண்டும் என்றாள். "நீ வறுத்துக் கொண்டாந்தா உள்ள தங்கும்டி" என்று போனில் அழுதாள். அதற்கு மேல் என்ன சொல்ல? விடியக்காலையில் வஞ்சிரம் வாங்கி, பத்துத் துண்டு வறுத்து, டப்பாவில் அடைத்து, ஆறு வயசு கவினையும் மூணு வயசு யாழினியையும் இழுத்துக்கொண்டு சென்னையிலிருந்து பகல் ரயிலில் கிளம்பினேன். அரியலூருக்கு அண்ணன் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு.

வாசலில் என் மாமியார் ஒரு ஆணியை நீட்டினார்.

"மீன் வாசனைக்கு எதுவாச்சும் பின்னாடியே வரும். பச்சப் புள்ளைங்க வேற கூட வருது. டப்பா மேல வச்சுக்க. கரித்துண்டு இருந்தா இன்னும் நல்லது, இந்த வூட்டுல கரிக்கு எங்க போறது?"

இரும்புக்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை என்று செருப்பைப் போட்டுக்கொண்டே ஒரு சின்னப் பாடம் எடுத்தேன். அவர் திரும்பியதும் ஆணியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். (திமிர். வேறென்ன.)

விருத்தாசலத்தில் பெட்டி பாதிக்கு மேல் காலியானது. ரயில் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஜன்னல்களை இறக்க, உச்சிப்பொழுதில் உள்ளே இருட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் மிஞ்சியது நானும் பிள்ளைகளும், தள்ளி ஒரு இருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிய ஒரு பெரியவரும்தான்.

"அம்மா, அந்த அக்கா நம்ம மீனையே பாக்குது" என்றாள் யாழினி.

"எந்த அக்கா?"

கதவுப் பக்கம் கை காட்டினாள். அங்கே யாரும் இல்லை. தண்ணீர் மட்டும் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் எதையாவது சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். கவினைக் கூப்பிட்டு, "எறங்கும்போது தங்கச்சி கைய விடவே கூடாது, என்ன ஆனாலும்" என்று பத்தாவது தடவையாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். டப்பா மூடி 'டக்' என்றது. விழித்துப் பார்த்தால் மூடி திறந்திருக்கிறது. எண்ணினேன். ஒன்பது துண்டு.

"யார்டா எடுத்தா?"

இருவரும் தலையாட்டினார்கள். இருவர் வாயிலும் எண்ணெய் இல்லை.

பெரியவரை எழுப்பி, "ஐயா, இங்க ஒரு பொண்ணு வந்துச்சா?" என்றேன். அவர் பெட்டி முழுக்க நிதானமாகப் பார்த்தார். "ஒங்க புள்ளைங்க ரெண்டுதானம்மா இருக்கு. வேற யாரு?" என்று மறுபடி போர்த்திக்கொண்டார். ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிற ஆணி கண்முன் வந்து நின்றது.

அந்த நேரம் ஒரு சுரங்கம் மாதிரி இருட்டு. மேகம்தான். பிள்ளைகள் பக்கத்தில்தான் இருக்கிறார்களா என்று கையால் தடவித் தலைகளை எண்ணினேன். ஒன்று. இரண்டு.

மூன்று.

மூன்றாவது தலை ஈரமாக இருந்தது.

கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. மெல்ல வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். ஐந்து வயது இருக்கும். வெள்ளை கவுன், செருப்பில்லாத கால், முகமெல்லாம் வெளேரென்று பவுடர், கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. என்னைப் பார்த்தது. டப்பாவைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது.

"உன் பேரென்ன?" என்றேன். அது வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்து, "அது பேய். பாக்காதீங்க, பேசாதீங்க" என்று கிசுகிசுத்தேன். ஒரு துண்டு மீனை எடுத்து இருக்கையின் ஓரத்தில் வைத்து, "எடுத்துக்கிட்டுப் போயிடு தாயே, புள்ளைங்கள விட்டுடு" என்று வேண்டினேன். அது மீனைத் தின்றது. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கியது. பேய் எதற்கு முள்ளை எடுக்கப்போகிறது என்று இந்த அறிவியல் டீச்சருக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு துண்டு வைத்தேன். இன்னொன்று. அரியலூர் வருவதற்குள் அண்ணியின் மசக்கையில் பாதியைப் பேய் தின்றுவிட்டது.

ரயில் நின்றதும் யாழினியை இடுப்பில் தூக்கி, பைகளைத் தோளில் மாட்டி, "கவின், வாடா" என்று கத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் கூட வரும் என்பார்கள். ரயில் கிளம்பி, கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் மூச்சு வந்தது.

எதிரே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

"ஏன் சாந்தி, நீ ரெண்டுதானே பெத்த?"

திரும்பினேன். ஈரமான பிளாட்பாரத்தில் மூன்று ஜோடிக் கால்தடம். கவின் ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் அதன் கை.

"அண்ணே... ஒனக்கும் தெரியுதா?"

"ஏன் தெரியாம? யாரு புள்ள இது?"

"நீதானம்மா கைய விடக்கூடாதுன்ன" என்றான் கவின். "நீ பாப்பாவத் தூக்கிட்ட. நான் இவ கையப் புடிச்சேன்."

அப்போது வந்ததுதான் உண்மையான பயம். ரயிலில் எவளோ ஒருத்தி இந்நேரம் பிள்ளையைத் தேடிக் கதறிக்கொண்டிருப்பாள். பிள்ளை பிடிக்கிறவள் நான்.

ஸ்டேஷனிலிருந்த பெண் போலீஸ் மண்டியிட்டுப் பேர் கேட்டார், ஊர் கேட்டார், பிஸ்கட் கொடுத்தார். அது வாயே திறக்கவில்லை. எந்தப் பெட்டி, யார் பிள்ளை என்று தெரியாமல் யாருக்கு என்னவென்று சொல்வது? ரயில் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அதன் முன்னால் உட்கார்ந்து, "கண்ணு, ஒரு வார்த்தை பேசு. ஒங்கம்மா பாவம்" என்றேன்.

என்னைப் பார்த்துக் கேட்டது: "அத்தை, நான் பேயா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "இல்லடி தங்கம். நீ புள்ளை. பேய் நான்தான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். தயங்கித் தயங்கிச் சொன்னது. பேர் தர்ஷினி. அம்மா அடுத்த பெட்டியில் தம்பிப்பாப்பாவோடு தூங்குகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையில் நனைந்தாள். மீன் வாசனை வந்தது. பார்க்க வந்தாள், ஒரு துண்டை எடுத்தாள், பெரியவர் விழித்ததும் பயந்து இருக்கைக்குக் கீழே ஒளிந்துகொண்டாள். தெரியாதவர்களிடம் பேசக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

போன் பறந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து அந்த அம்மா வந்து சேர மூன்று மணி நேரமானது. வந்ததும் மகளை வாரி எடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் பாத்துக்கலன்னா எம்புள்ள என்ன ஆகியிருக்கும்? சோறும் போட்டிருக்கீங்க. ஒங்க புள்ளைங்க நல்லாருக்கணும்" என்று அழுதாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். பக்கத்தில் அண்ணன் மழையை வேடிக்கை பார்த்தான். அவன் தோள் மட்டும் குலுங்கியது.

ஸ்டேஷனில் காத்திருந்தபோது மூன்று பிள்ளைகளும் தின்றது போக, குரும்பலூர் போனபோது டப்பாவில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அண்ணி அதைத் தின்றாள். தங்கியது. அன்று வயிற்றிலிருந்தவனுக்கு இப்போது நாலு வயசு. தட்டில் எது குறைந்தாலும், "சாந்தி அத்தை பேய்க்கு வச்சிருக்கும்" என்கிறான். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

லீவு விட்டால் தர்ஷினி போன் செய்வாள். "அத்தை, பேய் பேசறேன். எப்ப ரயில்?" என்பாள். அவர்கள் திருச்சி போகிற நாளும் நாங்கள் அரியலூர் போகிற நாளும் ஒன்றாக அமைந்தால், விருத்தாசலம் தாண்டியதும் எங்கள் இருக்கைக்கு வந்துவிடுவாள்.

கிளம்பும்போது மாமியார் இன்றும் ஆணியை நீட்டுகிறார். இப்போது நான் பாடம் எடுப்பதில்லை. மரியாதையாக வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். ஆணி கூட வந்து, அவள் வராமல் போய்விட்டால்?