சங்கராபுரத்தில் பாக்கெட் கொட்டிய நாள்

தன் காதில் விழாததையெல்லாம் "யாருமே சொல்லலை" என்று சாதிக்கிற ஆள் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது நான். அந்தக் குணத்தால் ஒரு கடையின் ஒரு நாள் ரம்ஜான் வியாபாரத்தையே பலி கொடுத்திருக்கிறேன்.

அப்போது எனக்கும் சகீனாவுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். தேதி மட்டும் குறிக்கவில்லை. அவள் அத்தாவுக்கு, அதாவது எனக்கு மாமனாராகப் போகிறவருக்கு, சங்கராபுரத்தில் ஜவுளிக்கடை, மாடியில் வீடு. "மாப்ள, பில்லு வர்றதுக்குள்ள கஸ்டமரு ஓடிடுறாங்க. இன்னான்னு வந்து பாருங்களேன்" என்று மாமா போன் போட்டார். நெட்வொர்க் படித்துச் சான்றிதழ் வாங்கிய புதுசு. (சும்மா இருப்பேனா?) கள்ளக்குறிச்சியிலிருந்து பழைய லேப்டாப்போடு பைக்கில் பறந்தேன்.

ஒயரில் தகவலெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். அதற்குப் பெயர் பாக்கெட். போகிறதையெல்லாம் பிடித்துக் காட்ட ஒரு மென்பொருள் உண்டு. அதைத் திறந்தால், கீழே 'டிராப்டு', அதாவது தவறிப்போனவை, என்று ஓர் எண் விறுவிறுவென்று ஏறுகிறது.

"மாமா! ஒங்க லைன்ல பாக்கெட்டு கொட்டிக்கினே இருக்கு. எவன் இழுத்த ஒயரு இது?"

"நான்தான்" என்றார் சகீனாவின் அண்ணன் இஸ்மாயில், ஏணியில் நின்று துணி எடுத்தபடி.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அதான் பார்த்தேன்" என்றேன். கடை ஆட்கள் எல்லோரும் கேட்டார்கள்.

மேல்கூரைப் பலகையைப் பிரித்துப் புது ஒயர் இழுக்க வைத்தேன். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு குடும்பம், சேலையில் விழுந்த தூசியை உதறிவிட்டு எதிர்க்கடைக்குப் போனது. அந்த எண்ணோ முன்னைவிட ஜாஸ்தியாக ஏறியது.

"அத்தா, இவருக்கா நம்ம பொண்ணக் குடுக்கப் போறோம்?" என்றார் இஸ்மாயில். மாமா எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சகீனா தன் காலேஜ் லேப்டாப்போடு இறங்கி வந்தாள். அதே இடத்தில் மாட்டினாள். 'டிராப்டு' பூஜ்யம். பிறகு மென்பொருளின் உதவிப் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படித்தாள்.

"லைன்ல ஒண்ணும் கொட்டலைங்க. வர்றத வாங்கி வெக்க ஒங்க லேப்டாப்புக்குத் தெம்பில்ல. அது வாங்காம வுட்டதத்தான் எண்ணிக் காட்டிக்கினு இருக்கு."

மெதுவாக இருந்தது பில் போடும் கம்ப்யூட்டர். அதற்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

"தப்பு என் லேப்டாப்புலதான், மச்சான்" என்றேன் எல்லோர் எதிரிலும்.

"லேப்டாப்புலயா?"

"...எங்கிட்டதான்."

அவர் ஏணியை என் பக்கம் தள்ளினார். "ஏறுங்க."

பலகையெல்லாம் நானே மாட்டினேன். நோன்பு திறக்கையில் மாமா என் கையில் பேரீச்சம்பழம் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்றும் நான் "எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று ஆரம்பித்தால் போதும். "சொன்னேங்க, ஒங்க பக்கம்தான் வாங்கல" என்பாள் சகீனா. பிள்ளைகள் 'டிராப்டு, டிராப்டு' என்று கத்தும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் காய்ச்சல் என்று அவள் காலையிலிருந்து சொல்லியிருக்கிறாள். சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அன்றைக்கு மட்டும் அவள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாளா என்று இருந்தது எனக்கு.